வலையில் பந்து வீசப் போனவர்கள்

2020 நவம்பர் 12 அன்று இந்தியக் கிரிக்கெட் அணி துபாயிலிருந்து சிட்னி போய் இறங்கியது. மூன்று ஒருநாள் ஆட்டங்கள், மூன்று இருபது ஓவர் ஆட்டங்கள், நான்கு டெஸ்டுகள் என்று இரண்டு மாதத்துக்கு மேல் நீண்ட பயணம் அது. கொரோனா காலம். இறங்கியவுடன் பதினான்கு நாள் தனிமை. விடுதி அறை, பயிற்சித் திடல், மறுபடியும் விடுதி அறை. யாருக்காவது அடிபட்டால் ஊரிலிருந்து மாற்று ஆளை விமானம் ஏற்றி அனுப்பி மறுநாளே ஆட வைக்க முடியாது. வருகிறவரும் இரண்டு வாரம் அடைந்து கிடக்க வேண்டும். அதனால் வழக்கத்தைவிடப் பெரிய கூட்டமாகவே அணி புறப்பட்டது. ஆடுவோரோடு, வலைப்பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து போடுவதற்கென்றே சில பந்துவீச்சாளர்களும் சென்றார்கள். நெட் பவுலர் என்று அவர்களைச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனின் பெயரும் இருந்தது.

வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் கிரிக்கெட்டில் பழைய வழக்கம். இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் போனது நாடு விடுதலை அடைந்த சில மாதங்களில், 1947-48-ல். தலைவர் லாலா அமர்நாத், எதிரில் பிராட்மேன். ஐந்து டெஸ்டில் நான்கில் தோல்வி. சென்னைக்காக ஆடிய வேகப்பந்து வீச்சாளர் ரங்காச்சாரி, காவல்துறையில் பணியாற்றியவர், தம் முதல் டெஸ்டை அந்தப் பயணத்தில் அடிலெய்டில் ஆடினார். அதன்பிறகு எத்தனையோ முறை போய்வந்தும், ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா ஒரு டெஸ்ட் தொடரை வெல்ல 2018-19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்குள்ள ஆடுகளங்களில் பந்து நெஞ்சுக்கும் தோளுக்கும் எழும்பும். நம் ஊர் ஆடுகளத்தில் முழங்கால் உயரத்தில் வரும் பந்துக்குப் பழகிய கையும் காலும் அதற்குப் பழக நாளாகும். முதல் டெஸ்டில் தடுமாறி, மூன்றாவது டெஸ்டில் நிமிர்வதற்குள் தொடர் கைவிட்டுப் போயிருக்கும். பல பயணங்களின் கதை இதுதான்.

இந்தப் பயணமும் அப்படித்தான் தொடங்கியது. ஒருநாள் தொடர் 2-1 என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனது. வென்ற ஒரே ஆட்டம் டிசம்பர் 2-ல் கான்பெராவில் நடந்தது. நடராஜனின் முதல் சர்வதேச ஆட்டம் அது, இரண்டு விக்கெட். வருண் சக்கரவர்த்திக்குத் தோள் காயம் ஏற்பட்டதால் நடராஜன் ஏற்கெனவே இருபது ஓவர் அணியில் சேர்க்கப்பட்டிருந்தார். அதே கான்பெராவில் டிசம்பர் 4-ல் 30 ரன் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். இருபது ஓவர் தொடரை இந்தியா 2-1 என்று வென்றது.

நடராஜனின் பந்து எங்கே உருவானது என்பது இங்கே சொல்ல வேண்டிய விஷயம். இருபது வயது வரைக்கும் அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். கிராமங்களில் அறுவடை முடிந்த வயலிலும் பள்ளிக்கூடத் திடலிலும் ஆடும் அதே ஆட்டம். டென்னிஸ் பந்தின் எடை ஏறக்குறைய 58 கிராம். கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட 160 கிராம். லேசான பந்து தரையில் குத்தியதும் துள்ளி எழும். எழும் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடித்தாலும் எல்லை தாண்டும். அடி வாங்காமல் தப்ப பந்துவீச்சாளருக்கு உள்ள ஒரே வழி, பந்தைத் துள்ளவே விடாமல் மட்டையாளரின் காலடியில் இறக்குவது. அதுதான் யார்க்கர். கிராமத்துப் பந்தயங்களில் தோற்காமல் இருப்பதற்காகக் கற்ற வித்தை, பின்னாளில் கனமான பந்திலும் கைகொடுத்தது. ஆனால் இடையில் இருந்த தூரம் சாதாரணமானதல்ல. ஊரில் ஜெயப்பிரகாஷ் என்பவர் தூண்டிச் சென்னைக்கு அனுப்பினார். நான்காம் பிரிவு லீக்கில் தொடங்கினார். 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடிய கையோடு பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளாகி, கை அசைவையே மாற்றிக் கற்க நேர்ந்தது. தறி நெய்து பிழைத்த குடும்பம். தம்மைக் கைதூக்கிவிட்டவரின் பெயரின் முதலெழுத்துகளைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடியவர் அவர்.

டிசம்பர் 17-ல் அடிலெய்டில் முதல் டெஸ்ட், பகலிரவு ஆட்டம். முதல் இன்னிங்சில் இந்தியா 244; ஆஸ்திரேலியா 191. அஸ்வினுக்கு நான்கு விக்கெட். இந்தியா முன்னிலையில் இருந்த ஆட்டம் அது என்பதை அடுத்து நடந்தது மறக்கடித்துவிட்டது. மூன்றாம் நாள் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 36 ரன்னோடு முடிந்தது. ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. 1974-ல் லார்ட்சில் எடுத்த 42-தான் அதுவரை இந்தியாவின் மிகக் குறைந்த எண்ணிக்கை. ஹேசல்வுட் 8 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். கமின்ஸ் வீசிய பந்து முகமது ஷமியின் முன்கையில் பட்டு எலும்பு முறிந்தது. எட்டு விக்கெட் தோல்வி. குழந்தைப் பேற்றுக்காகத் தலைவர் விராட் கோலி ஊர் திரும்பினார். தலைமை அஜிங்கிய ரஹானேயிடம் வந்தது.

  

டிசம்பர் 26-ல் மெல்போர்ன். 36-க்குச் சுருண்ட அணி ஏழே நாளில் வேறு முகத்தோடு வந்தது. ஆஸ்திரேலியா 195, ரஹானே 112 அடிக்க இந்தியா 326. ஸ்டீவ் ஸ்மித்தை ரன் எடுக்க விடாமலே அஸ்வின் அனுப்பினார். முகமது சிராஜும் சுப்மன் கில்லும் அங்கே முதல் டெஸ்ட் ஆடினார்கள். சிராஜின் தந்தை ஐதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவர்; அணி சிட்னியில் தனிமையில் இருந்த நவம்பர் 20 அன்று இறந்தார். ஊர் போக வாய்ப்பு இருந்தும் சிராஜ் போகவில்லை. எட்டு விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்று தொடரைச் சமன் செய்தது. ஆனால் உமேஷ் யாதவ் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அவர் இடத்தில் டெஸ்ட் அணிக்குள் வந்தவர் நடராஜன்.

ஜனவரி 7-ல் தொடங்கிய சிட்னி டெஸ்ட் இந்தப் பயணத்தின் நடுநாயகம். வென்ற ஆட்டங்களைவிட, முடிவில்லாமல் நின்ற இந்த ஆட்டத்துக்கே அதிக நேரம் கொடுத்துச் சொல்லத் தகும். சிராஜை எல்லைக்கோட்டருகே இருந்த பார்வையாளர்கள் இழிவாகப் பேசினார்கள். நான்காம் நாள் அவர் நடுவரிடம் முறையிட, ஆட்டம் நிறுத்தப்பட்டு ஆறு பேர் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.  அணி முழுக்க அவர் பக்கம் நின்றது. ஆட்டத்தில் இந்தியாவுக்கு இலக்கு 407. கடைசி நாள் ரிஷப் பந்த் 97, புஜாரா 77. புஜாரா ஆட்டமிழந்தபோது 272-க்கு ஐந்து. ஜடேஜாவின் கட்டை விரல் முறிந்திருந்தது. களத்தில் நின்ற ஹனுமா விகாரிக்குத் தொடைத்தசை கிழிந்து ஓட முடியவில்லை. எதிர்முனையில் அஸ்வினுக்கு முதுகு வலி. காலையில் குனிந்து காலணிக் கயிறு கட்டவும் முடியாத நிலை.

இருவரும் 259 பந்து நின்றார்கள். சேர்த்தது 62 ரன். நம் ஊர்த் திடல்களில் இதற்குக் கட்டை போடுவது என்று பெயர். கேலியாகவே அதிகம் சொல்வார்கள். சிட்னியில் அன்று கட்டை போட்டதுதான் தொடரைக் காப்பாற்றியது. விகாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, இருவரும் கடைசி வரை ஆட்டமிழக்கவில்லை. பந்துகளுக்கு நடுவே அஸ்வின் விகாரியிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தது ஸ்டம்ப் ஒலிவாங்கியில் கேட்டது. விகாரி ஆந்திரத்துக்காரர், சென்னை லீக்கில் ஆடித் தமிழ் பழகியவர். சுற்றி நின்ற எதிரணிக்குப் புரியாத மொழி, சுருக்கமாகத் திட்டம் பேச உதவியது. 131 ஓவர் ஆடி, 334-க்கு ஐந்து என்ற கணக்கில் இந்தியா ஆட்டத்தை டிரா செய்தது.

அடுத்தது பிரிஸ்பேனின் காபா திடல். 1988-ல் மேற்கிந்தியத் தீவுகளிடம் தோற்றபின் ஆஸ்திரேலியா அங்கே ஒரு டெஸ்டிலும் தோற்றதில்லை. ஷமி, உமேஷ், ஜடேஜா, விகாரி, அஸ்வின் ஆகியோரோடு வயிற்றுத் தசை வலியால் பும்ராவும் இல்லை. தொடர் முடிவதற்குள் இந்தியா மொத்தம் இருபது பேரை ஆட வைத்தது. காபாவில் பந்துவீச நின்ற ஐந்து பேர் சிராஜ், சைனி, ஷர்துல் தாக்குர், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். ஐவரும் அதற்கு முன் ஆடிய டெஸ்டுகளைக் கூட்டினால் நான்குதான். எதிரணியின் நேதன் லயனுக்கோ அது நூறாவது டெஸ்ட்.

2021 ஜனவரி 15, தமிழ்நாட்டில் மாட்டுப் பொங்கல். காலையில் நடராஜன் இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரராகவும், சென்னையின் வாஷிங்டன் சுந்தர் 301-ஆவது வீரராகவும் தொப்பி வாங்கினார்கள். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன். வாஷிங்டன் இருபது ஓவர் தொடர் முடிந்ததும் வலையில் பந்து வீசுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டவர். மூன்றாண்டுக்கு மேலாக ஒரு முதல்தர ஆட்டமும் ஆடியிருக்கவில்லை. அவருடைய முதல் டெஸ்ட் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித். ஆஸ்திரேலியா 369, நடராஜன், வாஷிங்டன், தாக்குர் மூவருக்கும் தலா மூன்று விக்கெட். பதிலுக்கு 186-க்கு ஆறு என்று இந்தியா சரிந்தபோது வாஷிங்டனும் தாக்குரும் சேர்ந்து 123 ரன் எடுத்தார்கள். வாஷிங்டன் 62, தாக்குர் 67. இருவரும் பந்துவீச்சுக்காக எடுக்கப்பட்டவர்கள். பின்தங்கிய தூரம் 33 ரன்னாகச் சுருங்கியது. இரண்டாம் இன்னிங்சில் சிராஜ் 73 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். இலக்கு 328.

ஜனவரி 19, கடைசி நாள்.  காபாவில் புஜாரா உடம்பில் பத்துக்கும் மேற்பட்ட அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்று 56 எடுத்தார். அவர் நின்ற நேரத்தில் மறுமுனையில் கில் 91 அடித்தார். பிறகு பந்த். டிரா போதும் என்று ஒதுங்கியிருந்தாலும் கோப்பை இந்தியாவிடமே இருந்திருக்கும். சென்ற முறை வென்றது இந்தியாதானே. ஆனாலும் அவர்கள் வெற்றிக்கே ஆடினார்கள். வாஷிங்டன் கமின்சின் பந்தைச் சிக்சருக்குத் தூக்கி 29 பந்தில் 22 எடுத்தார். ஹேசல்வுட் பந்தைப் பந்த் நேராக எல்லைக்கு அனுப்ப, மூன்று விக்கெட்டில் வெற்றி, பந்த் 89. தொடர் 2-1.

பரிசளிப்பின்போது ரஹானே கோப்பையை வாங்கிவந்து நேராக நடராஜன் கையில் கொடுத்தார். அதற்கு முன், நூறாவது டெஸ்ட் ஆடிய லயனுக்கு இந்திய வீரர்கள் கையெழுத்திட்ட சட்டையைப் பரிசளித்தார். இரண்டும் அந்த அணியின் குணத்தைக் காட்டும் செயல்கள்.

ஜனவரி 21-ல் சின்னப்பம்பட்டி தன் பிள்ளையைக் குதிரை பூட்டிய தேரில் ஏற்றி ஊர்வலமாக அழைத்துப் போனது. அஸ்வின் 2024 டிசம்பரில் அதே காபாவில் 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வை அறிவித்தார். நடராஜனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. காபா டெஸ்டுக்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் சம்பாதித்ததைக் கொண்டு சொந்த ஊரில் கிரிக்கெட் திடல் ஒன்றைக் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார். சின்னப்பம்பட்டிப் பிள்ளைகள் இப்போது கனமான பந்தில் பழக இருபது வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.