ஒரே வாய்க்காலில் இரண்டு எதிரிகள்



தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டைகள் வந்திறங்குவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். அந்த மரக்கறி விளைந்த தோட்டத்துக்குப் பக்கத்து வாய்க்காலில் வாழும் உயிர் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். நம் வீட்டு முற்றத்துக்கும் வரும் தேரைதான் அது.

தேரை நீரில் கறுப்பு மணிகளைக் கோத்ததுபோலச் சரம்சரமாய் முட்டையிடும். அதிலிருந்து வரும் தலைப்பிரட்டைக்கு முதல் பகை நத்தை வழியாக வருகிறது. ஒருவகைத் தட்டைப்புழுவின் இளம்பருவமான சேர்க்காரியா நத்தையின் உடலிலிருந்து வெளியேறி, வாலை ஆட்டி நீந்தி, தலைப்பிரட்டையின் தோலைத் துளைக்கும். தலைப்பிரட்டை சும்மா இருப்பதில்லை. சட்டென்று உடம்பை முறுக்கி உதறும். புழு உள்ளே புகுந்துவிட்டால் இரத்தத்தின் இயோசினோபில் அணுக்கள் சூழ்ந்துகொள்ளும். கால் முளைக்குமுன்னே தொற்று கடுமையானால் முதுகு கோணிப்போகும், அல்லது உயிரே போகும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உத்பலா ஜயவர்தன, ரூபிகா ராஜகருணா முதலானோர் இந்தத் தேரையின் தலைப்பிரட்டைகளை அகாந்தோஸ்டோமம் பர்மினிஸ் என்ற புழுவுக்கும் இரண்டாம் பகையான நான்கு விவசாய மருந்துகளுக்கும் உட்படுத்திப் பார்த்தார்கள். குளோர்பைரிபோஸ், டைமெத்தோயேட், கிளைபோசேட், புரோப்பனில் என்ற அந்த நான்கும் நம் விவசாயிகள் நன்கறிந்த பெயர்கள். மருந்தைத் தனியாக, புழுவைத் தனியாக, பிறகு இரண்டையும் சேர்த்து என்று சோதித்தபோது, பூச்சிமருந்தோடு புழு சேர்ந்து வந்த இடத்தில் இறப்பு கூடியது; களைநாசினியோடு சேர்ந்தபோது அந்த அளவுக்குக் கூடவில்லை.

காரணம் தேடினால் பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டும். 2002இல் ஆய்வாளர் ஜோசப் கீசெக்கர் அங்கே கண்டது, பூச்சிமருந்து பட்ட தலைப்பிரட்டைகளில் இயோசினோபில் குறைந்திருந்ததை. 2008இல் ஜேசன் ரோர் குழு இன்னொரு வழியைக் காட்டியது: அட்ரசீன் களைநாசினி பாசியை வளர்த்து நத்தையைப் பெருக்கும், கூடவே தவளையின் எதிர்ப்புச் சக்தியையும் தளர்த்தும். பகைவரைப் பெருக்கிக் காவலரைக் குறைக்கும் மருந்து!

தொற்றோடு தொற்று சேரும்போதும் ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். தென்னாப்பிரிக்கக் காட்டெருமைகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தார்கள். மருந்து பெற்றவற்றில் காசநோய் தொற்றிய எருமைகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. அதனாலேயே மந்தைக்குள் நோய் பரவவும் வாய்ப்புப் பெருகியது. 2015இல் ஆய்வாளர்கள் எசென்வாவும் ஜோல்ஸும் வெளியிட்ட இம்முடிவு, கால்நடை மருத்துவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது.

வயலில் தெளிக்கும் மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் குறிக்கும்போது நோயற்ற விலங்கையும் சுத்தமான தண்ணீரையும் வைத்தே பெரும்பாலும் சோதிக்கிறோம். மாத்தளை மாவட்டத்தின் நாவுலவிலோ வில்கமுவவிலோ எந்த வாய்க்காலில் அப்படி ஒரு விலங்கு இருக்கிறது? புழுவோடு சேர்த்தே சோதிக்காத அளவை நான் பாதுகாப்பானது என்று ஒப்பமாட்டேன்.

1995இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஊனமுற்ற தவளைகளைக் கவனித்துச் சொன்னவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அதனால் மாத்தளைப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரும்போக மழையில் தேரை முட்டையிடும்போது ஒரே வாய்க்காலின் நத்தைகளையும் கோணல் தலைப்பிரட்டைகளையும் எண்ணுங்கள்; மருந்து தெளித்த நாட்களையும் அதே கொப்பியில் குறித்துவையுங்கள்.