கதவைச் சாத்திக்கொண்ட விக்டர்

சீசன் நேரத்தில், அதுவும் குற்றாலத்தில் பட்டமளிப்பு விழா வைத்தால் உரையை யார் கேட்பார்கள் என்று கல்லூரி முதல்வரிடம் கேட்டேன். சுருக்கமாகப் பேசச் சொல்லிவிட்டார்.

நான் தென்காசிக்காரன், புற்றுநோய் மருத்துவன். படிக்கிற காலத்தில் உடற்கூறியல் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்துவைத்துப் படிப்பேன். விடுதிச் சாம்பாரை மறக்க வேறு வழியில்லை. அப்படிப் படித்ததுதான் 1818இல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவர், தலைப்பிள்ளையையும் பறிகொடுத்திருந்தார்.

அந்தப் பெயர் கதையில் வரும் பூதத்துடையது என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதைச் செய்த மாணவன் விக்டருடையது. அவன் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா காய்ச்சலில் இறந்துபோகிறாள். சாவை வென்றுவிட வேண்டும், ஒரு புதிய உயிரினமே தன்னைக் கொண்டாட வேண்டும் என்று அவனுக்கு வெறி பிடிக்கிறது. துக்கம் எது, பேராசை எது என்று பிரிக்க முடியாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் உடலை உருவாக்குகிறான். வீட்டுக்குக் கடிதமில்லை, ஆசிரியரிடம் ஒரு வார்த்தையில்லை. நவம்பர் மாத மழை இரவு; மெழுகுவத்தி அணையப் போகிறது. அந்த உடல் மஞ்சள் கண்ணைத் திறந்து பார்க்கிறது. இவன் ஓடிவிடுகிறான்! உயிர் கொடுத்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒளிந்து செய்ததும் விட்டு ஓடியதும்தான் குற்றம்.

இதே துக்கம் நம் ஊரில் ஒருவருக்கு வந்தது. 1920களில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. அவருக்கும் ஆசை சின்னதல்ல; ஒரு மருத்துவமனையே வேண்டும் என்றார். ஆனால் அறைக்குள் உட்காரவில்லை. மேடை மேடையாகக் கேட்டார், இந்திய மாதர் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு நிதி திரட்டினார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1954இல் அடையாறில் அந்த மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. இன்று 500க்கு மேல். முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் கடைசிவரை அங்கேயே உழைத்தார்கள். யாரும் ஓடவில்லை.

உங்களில் சிலர் ஆராய்ச்சிக்குப் போவீர்கள். சிலருக்கு வீட்டில் ஒரு சாவே அதற்குக் காரணமாக இருக்கும். போங்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் போடுங்கள். ஆய்வகத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அவர் கேள்வி கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள்.