கல்லும் இரும்பும் காரையும்



இலக்கிய அவையில் கட்டடக் கலவையைப் பற்றிய பேச்சு எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே. கோயிலையும் கோட்டையையும் போற்றிப் பேசும் அவைகள், மேம்பாலத்தையும் தொழிற்கூடத்தையும் பற்றிப் பேசத் தயங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்து வருகிறது. ஆயினும் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் வாழும் மக்கள் நாள்தோறும் மிதித்து நடப்பதும், மழைக்கு ஒதுங்குவதும், பிழைப்புக்குச் சென்று திரும்புவதும் கான்கிரீட்டின் மேலும் கீழும்தான். தமிழில் இதனைக் கற்காரை என்பர். கல்லும் காரையும் சேர்ந்தது கற்காரை. பொருளைத் தன்னுள்ளேயே காட்டி நிற்கும் நல்ல சொல்.

கிருஷ்ணகிரி மண் கல்லுக்குப் பெயர் பெற்றது. மல்லச்சந்திரத்துக் குன்றின்மேல் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு அமைத்த கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. சுண்ணாம்பும் சாந்துமின்றிக் கல்லின் எடையையே துணையாகக் கொண்டு பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை அவை. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வு, இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 2172 வரை பின்னோக்கிக் கொண்டு சென்றதாகத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் அறிவித்தது. கல்லும் இரும்பும் இம்மண்ணுக்குப் பழைய உறவினர். இரண்டையும் ஓருடலாகப் பிணைக்கும் காரை ஒன்றே வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது.

காரை என்பதும் தமிழர்க்குப் புதியதன்று. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரையும் பனைவெல்லத்தையும் கலந்து கட்டிய சுவர்கள் தலைமுறைகளைத் தாண்டி நின்றன. உரோமாபுரியினர் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கட்டிய பாந்தியன் கோயிலின் குவிமாடம், ஏறத்தாழ 43 மீட்டர் விட்டத்தோடு, கம்பி ஏதுமின்றிப் பத்தொன்பது நூற்றாண்டுகளாக நிற்கிறது. 1824ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1867இல் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் மோனியர், கம்பி வலையின்மேல் சிமெண்டுக் கலவை பூசிய பூந்தொட்டிகளுக்கு உரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில்தான் நடந்தது. கடற்சிப்பியைக் கொண்டு செய்த அம்முயற்சி நிலைக்கவில்லை என்றாலும், தொடக்கம் தமிழ் மண்ணில் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பூந்தொட்டியில் தொடங்கியது பல மாடிக் கட்டடமாக வளர்ந்ததற்குக் காரணம் எளியது. கற்காரை அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். இரும்புக் கம்பி இழுவிசையைத் தாங்கும். உத்தரம் ஒன்றின்மேல் பாரம் ஏறும்போது மேற்பகுதி நெருங்குகிறது, கீழ்ப்பகுதி நீள முயல்கிறது. நீள முயலும் இடத்தில் கம்பியைப் பதித்துவிட்டால் இரண்டும் பாரத்தைப் பகிர்ந்து கொள்கின்றன. வெயிலில் விரிவதிலும் குளிரில் சுருங்குவதிலும் கற்காரையும் இரும்பும் ஏறக்குறைய ஒரே அளவினவாக இருப்பதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. மேலும், கற்காரையின் காரத்தன்மை கம்பியைத் துருவினின்று காக்கிறது. இவ்வளவு பொருத்தமான இல்லறம் மனிதரிடையேகூட அரிது!

இந்த இணைப்பின் வல்லமையைத் தமிழகம் கண்ணாரக் கண்டது சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தில். பதினான்கு மாடி, 177 அடி உயரம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து மாடிகளை எண்ணினார்கள். 1975இல் பெருந்தீ அதனைப் பற்றியது. கட்டடம் வீழாமல் நின்று, பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டாகிய 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டத்திலோ கல்லும் கற்காரையும் அருகருகே அமைந்தன. தேர் கல்லால் ஆனது. குறட்பாக்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அமரும் அரங்கமோ நடுவில் தூண் மறைக்காத கற்காரைக் கூடமாக அமைந்தது. தூணில்லாப் பேரரங்கைக் கல்லால் அமைப்பது அரிது. பழையது தன் இடத்திலும் புதியது தன் இடத்திலும் நின்று ஒன்றுக்கொன்று துணையானதற்கு அது சான்று.

இனி எல்லைப்புறத்துக்கு வருவோம். கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் பிறந்து ஓசூர் வழியே தமிழகம் புகும் தென்பெண்ணையாற்றின் குறுக்கே, கிருஷ்ணகிரி அணை காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டப்பட்டு 1957இல் திறக்கப்பட்டது. வானம் பார்த்த நிலங்களுக்கு நெற்கதிரைக் காட்டிய அணை அது. 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றிய பின்னர், ஓசூரின் மேய்ச்சல் காடுகளும் கேழ்வரகுக் கொல்லைகளும் தொழிற்பேட்டையாயின. 1980இல் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட்டும் வந்தன, அந்தப் பத்தாண்டிலேயே டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார ஆலையும் எழுந்தது. சரக்குந்து செய்யும் ஆலையும் கைக்கடிகாரம் செய்யும் ஆலையும் ஒரே ஊரில்!

இவ்வகை ஆலைகளின் கூரையைப் பெரும்பாலும் இரும்புச் சட்டமே தாங்குகிறது. கற்காரையின் பணி அங்கே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பல டன் எடையுள்ள அழுத்து இயந்திரம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் எழும் அதிர்வை அடித்தளம் விழுங்கிக் கொள்ள வேண்டும். நுண்ணிய பாகங்கள் செய்யும் கூடத்தில் தரை மட்டம் பிசகக் கூடாது. தூசியும் எழக் கூடாது. 2021இல் போச்சம்பள்ளிப் பக்கம் எழுந்த மின்சார இருசக்கர வண்டி ஆலைக்கும் இதுவே விதி. கூரையைப் புகழ்வார் உண்டு; தரையைப் புகழ்வார் இல்லை. ஆனால் தரை பிசகினால் ஆலை நின்றுவிடும்.

எல்லைக்கு அப்பால், ஓசூர் சாலையில், சில்க் போர்டு முதல் எலக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்குத் தூண்களின்மேல் செல்லும் மேம்பாலச் சாலை 2010இல் திறக்கப்பட்டது. அதன் பாலப்பெட்டிகள் வேறோர் இடத்தில் முன்னதாகவே வார்க்கப்பட்டு, இரவு நேரத்தில் கொண்டு வரப்பட்டு, ஒன்றோடொன்று கோக்கப்பட்டன. கோத்தபின் உள்ளே செல்லும் எஃகு வடங்களை இழுத்து இறுக்கினால், பூமாலையை இருபுறமும் இறுகப் பிடித்ததுபோல் பெட்டிகள் ஒரே உத்தரமாகி விடுகின்றன. கீழே போக்குவரத்தை முற்றிலும் நிறுத்தாமல் மேலே சாலை கட்ட இம்முறையே வழி தந்தது. ஓசூரில் குடியிருந்து பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களின் வாழ்வு இந்தப் பெட்டிகளின்மேல் ஓடுகிறது.

இத்தனை பெரிய பணிகளின் உயிர்நிலை எங்கே இருக்கிறது? ஒரு குவளைத் தண்ணீரில் இருக்கிறது என்றால் மிகையாகாது. சிமெண்டு உலர்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஐம்பது கிலோ மூட்டைக்கு இருபத்தைந்து லிட்டரளவில் நீர் போதும். கலவை இளகி ஓடினால் கொட்டுவதற்கு எளிது என்று இன்னும் பத்து லிட்டரை ஊற்றினால், வேண்டாத நீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடத்தைப் பொத்தலாக விட்டுச் செல்கிறது. தளம் பார்வைக்கு வழவழப்பாகவே இருக்கும். உள்ளே வலிமை இராது. கொட்டிய பிறகோ நிலைமை தலைகீழ். சாதாரண சிமெண்டு என்றால் குறைந்தது ஏழு நாளும், சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் பத்து நாளும் தளத்தை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. பாத்தி கட்டி நீர் நிறுத்துவதும், தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுவதும் இதற்காகத்தான். கலக்கும்போது கஞ்சத்தனமும் ஆற்றும்போது தாராளமும் வேண்டும். பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு.

வார்க்கும் நாளிலேயே சிறு கனசதுரங்கள் வார்த்து வைத்து, இருபத்தெட்டாம் நாள் அவற்றை நசுக்கிப் பார்த்துத்தான் கலவையின் வலிமையை உறுதி செய்கின்றனர். ஆக, கட்டுகின்றவன் இன்று செய்த நேர்மை நான்கு வாரம் கழித்தே தெரிய வருகிறது. சோதனைக் கனசதுரத்தை மட்டும் நன்றாக வார்த்து, தளத்தை அலட்சியமாக வார்த்தால் அந்தச் சோதனையும் பொய்யாகி விடும். 2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியும் நிலையிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை பெய்த மாலையில் சரிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள். அதன் இணைக் கட்டடம் 2016இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எல்.ஐ.சி. கட்டடம் நெருப்பில் நின்றது. இது மழையில் வீழ்ந்தது. இரண்டிலும் மூலப்பொருள் ஒன்றே.

நன்றாகக் கட்டிவிட்டால் கடமை முடிந்ததா என்றால், கிருஷ்ணகிரி அணையே விடை கூறுகிறது. 2017 நவம்பர் இறுதியில் அணையில் நீர் நிறைந்திருந்த வேளையில், எட்டு மதகுகளில் ஒன்று உடைந்து வெள்ளம் வெளியேறியது. ஆற்றோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது. அறுபது ஆண்டுகளாக அணையின் உடல் நின்றது. தளர்ந்தது இரும்புக் கதவு. பின்னர் புதிய மதகுகள் பொருத்தப்பட்டன. ஆனால் பாசனத்துக்காகத் தேக்கி வைத்த நீர் அதற்குள் போய்விட்டது. உழவனின் ஒரு பருவத்தை எந்தப் பழுதுபார்ப்பும் திருப்பித் தருவதில்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல் போடும் நாடு, பராமரிப்புக்கும் ஒரு நாள் குறிக்கப் பழக வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கற்காரையின் பெரும்பகுதி ஜல்லியும் மணலும்தான். ஆற்று மணல் அரிதானபின் பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்ட் அதன் இடத்துக்கு வந்தது. கிருஷ்ணகிரிக் குன்றுகளைக் குடைந்த ஜல்லி லாரி லாரியாக எல்லை தாண்டிப் பெங்களூருவின் மாடிகளாக உயர்கிறது. அந்நகரின் கழிவோ தென்பெண்ணை வழியே இறங்கி, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குகிறது. இங்கிருந்து கல் மேலே போகிறது. அங்கிருந்து கழிவு கீழே வருகிறது. கட்டடக் கலவைக்குக் குடிநீர் தரத்து நீரே ஏற்றது என்பது பொதுவிதி. கட்டடத்துக்கே ஆகாத நீரைக் கழனிக்குப் பாய்ச்சும் உழவனின் துயரை எல்லையின் இரு பக்கத்தாரும் எண்ணிப் பார்க்க வேண்டும். குன்றோ ஒருமுறை உடைந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே நூறாண்டு நிற்கும்படிக் கட்டுவதே குன்றுக்குச் செய்யும் மரியாதை. முப்பது ஆண்டில் இடிக்க நேரும் கட்டடம் ஒரே வீட்டுக்கு மூன்று முறை மலையை உடைக்கிறது.

இறுதியாக ஒன்று. இந்த மாவட்டம் நடுகற்களின் நிலம். ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரை, அவன் சிற்றூரான் என்றாலும், கல்லில் வெட்டி வைத்த மரபு இங்கே தழைத்திருந்தது. இன்றைய பொதுக் கட்டடங்களிலும் கல்வெட்டு உண்டு. அடிக்கல் நாட்டியவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் அதில் உண்டு. கம்பி கட்டியவர், சாரம் ஏறியவர், சட்டி சுமந்த சிற்றாள் பெண், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நள்ளிரவில் தளம் வார்த்தவர் ஆகியோர் பெயர் அதில் இல்லை. தளம் வார்த்த நாளும், கலவையின் தரமும், வார்த்தவர்களின் பெயரும் பொறித்த சிறு பலகை ஒன்று ஒவ்வொரு பொதுக் கட்டடத்திலும் இருக்குமானால், உழைத்தவருக்கு அது பெருமை. பொறுப்பேற்க வேண்டியவருக்கு அது காவல். தன் பெயர் நிற்கும் சுவரில் எவரும் ஒரு வாளி நீரைக் கூடுதலாக ஊற்ற மாட்டார்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த எளிய இல்லம் நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. வள்ளுவர் கோட்டம் 2025இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. பேணினால் எதுவும் நிற்கும். கல்லும் இரும்பும் இம்மண் தந்த செல்வம். காரை உலகம் தந்த அறிவு. நேர்மை மட்டும் கட்டுகின்றவரே கொண்டுவர வேண்டிய பொருள். அதனையும் அளந்து கலந்து, ஆற அமர நீர் ஊற்றி வளர்ப்போர் பெருகட்டும். எல்லைப்புறத்தில் இனி எழும் ஒவ்வொரு தூணும் மல்லச்சந்திரத்துக் கற்களைப்போல் நிலைத்து நிற்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க உழைப்பு!