மூங்கில் எழுதுகோல்



ஊற்றுப்பேனாவின் முள்ளைக் கூர்ந்து நோக்கியதுண்டா? அதன் நடுவே மெல்லிய பிளவு ஒன்று ஓடும்; பிளவின் முடிவில் சிறு துளை இருக்கும். இவை எதற்காக? தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மூங்கிலில் எழுதுகோல் செய்யக் கற்றபோது, இவ்வினாவுக்கு என் கையே விடை கண்டது.

மை தொட்டு எழுதும் நாணற்கோல் மிகத் தொன்மையானது. பண்டை எகிப்தில் அது வழங்கியது; அரபு எழுத்துக் கலைஞர்கள் இன்றும் அதனைக் கையாள்கின்றனர். நம் முன்னோரின் எழுத்தாணி வேறு வகை. அது ஓலையைக் கீறியது. கீறிய எழுத்தில் பின்னரே கரி தடவினர். ஆதலால் அதற்குப் பிளவு வேண்டியதில்லை. மையைச் சுமந்து செல்லும் கோலுக்கே பிளவு வேண்டும்.

எனக்கு ஆசானாக வாய்த்தவர் எங்கள் ஊரில் கூடை முடையும் முதியவர், பள்ளிக்கூடம் அறியாதவர். "முதலில் தட்டிக் கேளுங்கள், சார்" என்பதே அவர் தந்த முதற்பாடம். உலர்ந்த மூங்கில் கணீரென்று ஒலிக்கும். ஈரமுள்ளது மந்தமாக ஒலிக்கும். ஈர மூங்கிலில் செய்த கோல், காயும்போது சுருங்கி வடிவு கெடும்.

சுண்டுவிரல் பருமனில், கணுவில்லாத ஒரு சாண் துண்டு போதும். கூரிய கத்தியால், உடலுக்கு எதிர்ப்புறமாக, ஒரு முனையை நீளச் சரிவாகச் சீவவேண்டும். எஞ்சும் பட்டையின் உட்புறம் மென்மையானது. அதைச் சுரண்டி நீக்கிவிடலாம். மேற்றோலை ஒட்டிய பகுதியில் நார்கள் நெருங்கியிருக்கும். உறுதி அங்கேதான் உண்டு. ஆகவே அப்பகுதியே எழுதும் முனையாக அமையவேண்டும். பின்னர் இருபுறமும் சமமாகச் செதுக்கி, முனையைக் குறுக்கவேண்டும்.

அடுத்தது பிளவு. மூங்கிலின் நார் நீளவாக்கில் ஓடுவதால், பிளக்கத் தொடங்கினால் நில்லாது ஓடிவிடும். முதியவர் என்ன செய்தார்? முனையிலிருந்து அரை அங்குலம் தள்ளி, முன்னதாகவே சிறு துளையிட்டார். முனையில் தொடங்கிய பிளவு அத்துளையை அடைந்ததும் நின்றது! பேனா முள்ளின் துளையும் பிளவு மேலே பரவாமல் காக்கிறது. கடைசியாக, கடினமான பலகைமீது வைத்து முனையை நேராக நறுக்கினால் கோல் ஆயத்தம்.

மையில் தோய்த்து எழுதுங்கள். ஒடுங்கிய பிளவில் மை தானே ஊர்ந்து முனைக்கு வரும். பௌதிக நூல் இதனை நுண்புழைக் கவர்ச்சி என்னும். பிளவு மிக அகன்றால் மைத்தொடர் அறுபடும். முற்றும் இறுகினால் மை வாராது. தட்டையான முனையாதலால், கோலைப் பிடிக்கும் சாய்வுக்கேற்ப எழுத்தில் தடிப்பும் மெலிவும் தாமே அமையும்.

1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வாயிலாகவே கல்வி புகட்டவேண்டும் என்றார் காந்தியடிகள். ஆசிரியப் பயிற்சியின்போது அக்கொள்கையை நான் ஏட்டில் பயின்றேன். அதன் பொருளைக் கூடை முடைபவரின் திண்ணையில் உணர்ந்தேன். நுண்புழைக் கவர்ச்சி என்ற சொல்லை அவர் அறியார். ஆனால் பிளவு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை அவர் விரல் அறியும். அது கல்வியன்றோ? தேர்வு எழுதாதவரைக் கல்லாதவர் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் ஊரிலும் மரமோ மண்ணோ மூங்கிலோ கொண்டு தொழில் செய்வோர் இருப்பர். விடுமுறையில் ஒருநாள் அவரிடம் சென்று, பணிவுடன் அமர்ந்து, ஒரு கோல் செய்யக் கற்றுப் பாருங்கள்.