ஆகாய விமானியாக விரும்பும் வாலிபர்களுக்கு
(ஆனைக்குட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



1929-ஆம் வருஷத்தில் ஜே.ஆர்.டி. டாடா இந்நாட்டில் முதன்முதலாக விமானி லைசென்ஸ் பெற்றார். அன்று செல்வந்தரின் வித்தையாயிருந்தது இன்று கரிசற்காட்டுப் பிள்ளைகளின் ஆசையாகவும் ஆகியிருக்கிறது. ஆசை நன்றே; ஆயினும் செலவை முதற்கண் நிதானித்தல் வேண்டும்.

வர்த்தக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருத்தல் அவசியம். அதற்காகும் தொகை ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய். அம்மட்டோ? கம்பெனிகளின் பெரிய விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சியும், அதற்கு மேலும் பல லட்சமும் வேண்டும்.

லைசென்ஸ் வேறு, உத்தியோகம் வேறு. 2012-இல் கிங்ஃபிஷரும், 2019-இல் ஜெட் ஏர்வேஸும், 2023-இல் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தின. அனுபவசாலிகளே வேலை தேடுங்காலத்தில் புதியவரை அழைப்பார் யார்? அதே 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது மெய்யே. ஆனால், அவை வந்துசேரப் பல வருஷங்களாகும். கடன் வட்டியோ மாதந்தோறும் வளரும்.

ஆதலின் பெற்றோர்களே! நிலத்தை விற்குமுன் பிள்ளைக்கு முதல் வகுப்பு வைத்தியப் பரிசோதனையை முடியுங்கள். தகுதியில்லையெனில் பொருளாவது மிஞ்சும். எழுத்துப் பரீட்சைகளில் முந்தித் தேறட்டும். கைகாவலாக வேறொரு பட்டமும் பெறட்டும்.

வானம் பார்த்த பூமியிற் பிறந்த நமக்கு, வானத்தை நம்பி எவ்வளவு விதைப்பதென்பது புதிய பாடமன்று.