கூரைக்குச் சலுகை வருமுன் காணிக்குப் பத்திரம் வேண்டும்

(கிளிநொச்சியில் மலையக வம்சாவளிக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1977 கலவரத்தில் லயத்தை விட்டு வன்னிக்கு ஓடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். தோட்டத்திலிருந்து நாங்கள் வந்திருக்கிறோம். அங்கே குளிர், இங்கே வெயில். ஆனால் மாதம் தவறாமல் இரண்டு பக்கமும் வருவது கரண்ட் பில். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 30 அலகு பாவிக்கும் சின்ன வீடு. 2022 ஓகஸ்டுக்கு முன் அலகுக்கு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். ஓகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய், மொத்தம் 1,300. பாவிப்பு கூடவில்லை, பில் மட்டும் பன்னிரண்டு மடங்கு. பிறகு குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் விலை ஏறும்போது முதலில் அடிபடுவது யார் என்பதை அந்த மாதங்களில் கண்டோம்.

அரசாங்கம் உதவியே செய்யவில்லையா? செய்தது. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் வந்தது. கூரையில் சூரியத் தகடு பூட்டி, மிஞ்சும் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்க முடிந்தது. அன்றைய ஒப்பந்தப்படி முதல் 7 ஆண்டுக்கு அலகுக்கு 22 ரூபாய், அடுத்த 13 ஆண்டுக்கு 15.50 ரூபாய். சலுகை வட்டிக் கடனும் அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் தகடு வாங்க லட்சக்கணக்கில் முதல் வேண்டும். வங்கி வருமானச் சான்று கேட்கும், பிணை கேட்கும். மின்மானி நம் பெயரில் இருக்க வேண்டும். நாட்கூலிக்குப் போகும் குடும்பம் அந்தக் கதவைத் தட்டுவது எப்படி?

இந்தியாவில் 2024 பெப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில் மானியத்தை நேரே வீட்டுக்காரரின் கணக்கில் போடுகிறார்கள். 3 கிலோவாட்டுக்கு 78,000 இந்திய ரூபாய். கடனைவிட அது மேல். ஆனால் அங்கும் சொந்தக் கூரையும் மிச்சப் பணமும் இல்லாதவர் வெளியேதான் நிற்கிறார்.

இது நமக்குப் புதிதல்ல. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டக் கட்டத் தவணையாகக் கணக்குக்கு வந்தது. வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள். அப்போதும் காணிப் பத்திரம் இல்லாதவர்கள் பட்டியலுக்கு வெளியே காத்து நின்றார்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, இரண்டு தலைமுறை வாழ்ந்த நிலம்; கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

பின்னர் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு என்றார்கள். ஒன்று சுமார் 21 லட்சம். இந்த வெயிலில் அதற்குள் எப்படி இருப்பது, விறகடுப்பை எங்கே வைப்பது, உடைந்தால் நம் மேசன் திருத்துவாரா என்று மக்கள் கேட்டார்கள். அதைவிடக் குறைந்த செலவில் கல்வீடு கட்டலாம் என்றார்கள். சரியான கேள்விகள். இனி எந்தத் திட்டம் வந்தாலும் அதையே கேட்க வேண்டும்.

ஆகவே நமது கோரிக்கை மூன்று. ஒன்று, குடியிருக்கும் காணிக்கு அனுமதிப்பத்திரம். இரண்டு, குடும்பத்துக்கு ஒரு மின்மானி. 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய கட்டணம். ஒரே மானியில் இரண்டு குடும்பம் இருந்தால் இருவருக்கும் நட்டம். லயத்துக்கும் இது பொருந்தும். மூன்று, வருமானம் குறைந்தவர்களுக்குக் கடன் வேண்டாம். கூரை திருத்தவும் தகடு பூட்டவும் நேரடி மானியம் வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 60 வாட்ஸ் குண்டு பல்ப் தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 அலகு. 9 வாட்ஸ் எல்.ஈ.டி. பல்ப் என்றால் ஒன்றரை அலகுகூட வராது. தகரக் கூரையின்கீழ் கிடுகுத் தட்டி கட்டினால் சூடு இறங்கும். அடுப்புப் பக்கம் மட்டும் கட்டாதீர்கள். மேற்குச் சுவருக்கு நிழலாக ஒரு வேம்பு வையுங்கள். மூன்று கல் அடுப்பை விட்டு, இரண்டு பானை வைக்கும் அனகி களிமண் அடுப்புக்கு மாறினால் விறகும் மிச்சம், தாய்மாரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் புகை குறைவு.

கடைசியாக ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது மூன்று மாதத்துக் கரண்ட் பில்லையும், காணி சம்பந்தமாகக் கையில் உள்ள எந்தக் கடதாசியையும் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் எத்தனை வருடம் குடியிருக்கிறீர்கள் என்று எழுதி வாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் நாங்கள் எழுதித் தருவோம். பட்டியலைச் சேர்த்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு ஒன்றாகப் போவோம். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். நூறு பேராகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.