சோழவரத்தில் எடுத்த படம்



எங்கள் அல்லிநகரத்தில் பந்தயம் என்று சொன்னால் மாட்டு வண்டிப் பந்தயமே முதலில் நினைவுக்கு வரும். தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தரம் பிரித்துக் கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளில் காளைகளை ஓட்டுவது இன்றும் உண்டு. வென்ற காளைகளின் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வீடுகள் பல. அந்தப் படங்களின் கீழே சாரதியின் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் தவறாமல் எழுதியிருக்கும்.

எங்கள் வீட்டில் இருந்ததும் ஒரு பந்தயப் படந்தான். ஆனால் அதில் காளைகள் இல்லை. கூரையில்லாத, நான்கு சக்கரங்களும் வெளியே துருத்தி நிற்கும் ஒரு சிறு மோட்டார் வண்டி. அதன் பக்கத்தில், கையில் ஸ்பானருடன், எண்ணெய்க் கறை படிந்த காற்சட்டை அணிந்து என் தாய்மாமன் நிற்கிறார். பின்னால் நான்கைந்து பேர், வைக்கோல் கட்டுகள், வெகு தூரத்தில் பனைமரங்கள். படத்தின் முதுகில் 'சோழவரம்' என்ற ஒரே சொல். ஆண்டு இல்லை. ஓட்டியவர் பெயரும் இல்லை. வண்டியின் பெயரும் இல்லை.

மாமா 1962-இல் இருபது வயதில் சென்னைக்குப் போய் ஒரு பட்டறையில் வேலைக்கு அமர்ந்தவர். 1971-இல் ஊர் திரும்பி, ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பழுது பார்த்துக் கொண்டு, 1998-இல் காலமானார். 'மாமா லோட்டஸ் காருக்கு வேலை பார்த்தவர்' என்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி. பள்ளி ஆசிரியனாக இருந்த முப்பது ஆண்டுகளில், இந்தப் படத்தை வகுப்பிற்கு எடுத்துச் சென்று, '1964ஆம் ஆண்டு, சோழவரம், இங்கிலாந்து தேசத்து லோட்டஸ் வண்டி' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 1964 என்பதை எங்கிருந்து பெற்றேன் என்பதும் தெரியாது. பல முறை சொன்னதால் அது உண்மையைப் போல ஆகிவிட்டது.

இளைய நேயர்களுக்காகச் சோழவரத்தைப் பற்றிச் சற்றே சொல்ல வேண்டும். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே போர் விமானங்களுக்காக ஓடுதளம் அமைத்தார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, நீண்ட தளம் மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-இல் சென்னை நகரத்து ஆர்வலர்கள் சிலர் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முயற்சியால் அந்த ஓடுதளம் பந்தயக் களமாயிற்று. இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் போர்க்கால விமானத் தளங்களே. இரண்டிலும் 1948-இல் பந்தயங்கள் தொடங்கின. 1950 மே மாதம் 13ஆம் நாள் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான முதல் பார்முலா ஒன் பந்தயம் நடந்தது அந்தச் சில்வர்ஸ்டோனில்தான். குண்டு போடுவதற்காக இட்ட காங்கிரீட்டின்மேல் மனிதர்கள் விளையாடினார்கள் என்று நினைக்கையில் எனக்கு ஒருவித மகிழ்ச்சி உண்டாகிறது.

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் ஓர் அம்மையார், பெரியகுளத்தில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், இப்படிப் பலதரப்பட்டவர்கள். பழைய மோட்டார் வண்டிகளின் படங்களைக் கொண்டுவந்து பரப்பி வைத்துக்கொண்டு, தெரிந்ததைப் பேசுவதுதான் எங்கள் வேலை. போடி மெட்டு ஏறிய முதல் லாரிகளின் படங்களும் வரும். கோவையின் பந்தய வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு அமைத்த பார்முலா மாருதி வண்டிகளின் படங்களும் வரும். என் மாமாவின் படத்தை ஒருநாள் நான் பெருமையோடு நடுவில் வைத்தேன்.

பெரியகுளத்து இளைஞர் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பந்தய வண்டியை அவர் பார்க்கவே இல்லை. பின்னால், வைக்கோல் கட்டுகளுக்கு அப்பால் நிறுத்தியிருந்த ஒரு சாதாரணக் காரைத்தான் பார்த்தார்.

"இது ஸ்டாண்டர்டு ஹெரால்டு அல்லவா, சார்? இதற்கு நான்கு கதவுகள் இருக்கின்றனவே!" என்றார்.

எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அவர் விளக்கினார். டிரையம்ப் ஹெரால்டு என்னும் ஆங்கிலேய வண்டியைச் சென்னை ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் செய்து வந்தார்கள். அது இரண்டு கதவு வண்டி. இங்கிலாந்தில் கடைசி வரையில் இரண்டு கதவுகளோடுதான் இருந்தது. நம் நாட்டுக் குடும்பங்களின் வசதிக்காக நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டும் செய்யப்பட்டது. அதுவும் அறுபதுகளின் கடைசி ஆண்டுகளில்தான் வந்தது. ஆகவே அந்தப் படம் 1964-இல் எடுத்ததாக இருக்கவே முடியாது. என் முப்பது ஆண்டுப் பாடம் ஒரு கதவில் சாய்ந்தது!

அத்தோடு நின்றிருந்தால் தாழ்வில்லை. அடுத்து அவர் பந்தய வண்டிக்கு வந்தார். தகட்டு மேனியில் சுத்தியலின் தழும்புகள் தெரிந்தன. பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளைகள் ஒரே அளவாக இல்லை. 'இது தொழிற்சாலையில் பிறந்த வண்டியன்று. சென்னைப் பட்டறை ஒன்றில் கையால் கட்டியது' என்று முடிவு சொன்னார். அக்காலத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டினால் வெளிநாட்டுப் பந்தய வண்டிகளைத் தருவிப்பது மிகக் கடினம். லோட்டஸ் வண்டிகள் சோழவரத்தில் ஓடியதுண்டு; ஆனால் மிகச் சிலவே. மற்றவர்கள் ஹெரால்டின் எஞ்சினையோ, 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடைய பியட் எஞ்சினையோ எடுத்து, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் கட்டி, அலுமினியத் தகடு போர்த்தித் தாங்களே வண்டி செய்துகொண்டார்கள். அவற்றுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர்.

அன்று மாலை என் அன்னையாரிடம் இதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவருக்கு எண்பத்தேழு வயது. மாமா அவருடைய தம்பி. "அப்படியானால் என் தம்பி பொய் சொன்னான் என்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை.

பழைய படங்களைப் பற்றிப் பேசுவது வெறும் பொழுதுபோக்கு என்று அதுவரை எண்ணியிருந்தேன். இறந்துபோன ஒருவருடைய சொல்லின் மதிப்பும் அதில் அடங்கியிருப்பதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த கூட்டத்தில், இயற்பியல் ஆசிரியை என் வாட்டத்தைக் கண்டு உலகப் புகழ் பெற்ற வேறொரு படத்தைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சு நாட்டு ழாக் ஆன்ரி லார்த்தீக் என்பவர் இளம் வயதில் எடுத்தது. பந்தய வண்டி ஒன்று படத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. அதன் சக்கரம் வட்டமாக இல்லை. முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாலையோரத்து மனிதர்களோ பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறார்கள். ஓவியன் வேண்டுமென்றே தீட்டியது போலத் தோன்றும். உண்மையில் அது காமிராவின் குறைபாடு. அக்காலத்துக் காமிராவில் கண்ணாடித் தகட்டுக்கு முன்னால் ஒரு திரை. அதில் ஒரு குறுகிய பிளவு. பிளவு மேலிருந்து கீழே இறங்க இறங்க, ஒளி தகட்டின்மேல் பகுதி பகுதியாக விழும். தகட்டில் உருவம் தலைகீழாக விழுவதால், முதலில் பதிவது சக்கரத்தின் அடிப்பாகம். கடைசியில் பதிவது மேற்பாகம். அந்த நொடியின் சிறு பகுதிக்குள் வண்டி முன்னே நகர்ந்துவிடுகிறது. ஆகவே சக்கரத்தின் தலை முன்னே போய்விடுகிறது. வண்டியைத் தொடர்ந்து அவர் காமிராவையும் திருப்பினார். ஆனால் வண்டியின் வேகத்துக்குத் திருப்ப முடியவில்லை. அதனால் அசையாமல் நின்ற மனிதர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

மாணவ நண்பர்களே, இதில் நான் பெரிதும் வியந்தது வேறொன்று. அந்தப் படத்துக்கு '1912, டெலாஜ் வண்டி' என்றே நெடுங்காலம் பெயர் எழுதி வந்தார்கள். 1963-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் லார்த்தீக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்து, அவர் பெயர் உலகமெங்கும் பரவிய பிறகும் அந்தத் தவறு தொடர்ந்தது. பழைய பந்தயங்களின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், அது ஷ்னைடர் என்னும் வண்டி என்றும், 1913-இல் நடந்த பந்தயம் என்றும் கண்டறிந்தார்கள். எடுத்தவரின் குறிப்பே தவறிப்போனது! படம் பொய் சொல்லவில்லை. அதன் கீழ் எழுதிய வரிதான் பிழை. இதைக் கேட்டதும் என் மனம் கொஞ்சம் ஆறியது. உலகப் பெரும் கலைக்கூடத்துக்கு நேர்ந்தது அல்லிநகரத்து வாத்தியாருக்கு நேரக்கூடாதா?

இனி, என் மாமாவுடன் அதே பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எவரேனும் இருக்கிறார்களா என்று தேடினோம். நான்கு மாதங்கள் ஆயின. பேருந்து ஓட்டுநர் நண்பர் விசாரித்து விசாரித்துக் கடைசியில் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தார். எண்பத்தொரு வயது. பார்வை மங்கியிருந்தது. படத்தைக் கணிப்பொறியில் ஏற்றிப் பெரிதாக்கிக் காட்டினோம்.

அவர் முகங்களைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்தின் அருகில் விரலை வைத்தார்.

"தம்பி, இது ஹெரால்டு கால். நானும் உங்கள் மாமாவும் பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்தது" என்றார்.

கால் என்று அவர் குறித்தது முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்தான இரும்புத் துண்டை. சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தாமாகவே சொன்னார்: "இதை மாட்டும்போதெல்லாம் உங்கள் மாமா சொல்வார், 'நம்மைக் குறைவாக நினைக்காதே, லோட்டஸ் காருக்கும் இதே கால்தான்' என்று."

பெரியகுளத்து இளைஞர் துள்ளி எழுந்தார். அது முற்றிலும் உண்மை. 1960 முதல் வந்த லோட்டஸ் நிறுவனத்தின் சிறு பந்தய வண்டிகளில், முன்சக்கரத்துக்கு டிரையம்ப் ஹெரால்டின் அதே துண்டைத்தான் எடுத்துப் பொருத்தினார்கள். விலை மலிவு, எடையும் குறைவு. உலகப் புகழ் பெற்ற பந்தய வண்டிக்கும், சென்னைப் பட்டறையில் குழாயைப் பற்றவைத்துச் செய்த வண்டிக்கும் கால் ஒன்றே! மாமா சொன்னது இதுதான். வீட்டில் கேட்டவர்கள் நடுவில் இருந்ததை விட்டுவிட்டு, 'லோட்டஸ் கார்' என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அன்னையாரிடம் ஓடிச் சென்று சொன்னேன். "நான்தான் அன்றே சொன்னேனே" என்றார். அவர் அன்று அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதை யார் திருத்துவது?

பெரியவர் இன்னும் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஆண்டு 1969 அல்லது 1970 என்றார். இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார். 'தெரியாததை எழுதாதீர்கள்' என்று கண்டிப்பாகவும் சொன்னார். வண்டிக்கு என்ன பெயர் என்று கேட்டோம். பெயரே வைக்கவில்லையாம். பந்தயத்தில் என்ன ஆயிற்று என்றோம். நான்காவது சுற்றில் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கி நின்றுவிட்டதாம். வெற்றி பெற்ற வண்டிகளின் படங்களைப் பத்திரிகைகள் அச்சிட்டன. அவற்றை நூலகங்களில் தேடி எடுக்கலாம். நின்றுபோன வண்டிகள் இருப்பது இப்படிப்பட்ட டிரங்குப் பெட்டிகளில்தான்.

டிரங்குப் பெட்டிகளுக்கும் ஆயுள் குறைவு. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில், அரை நூற்றாண்டு காலம் நடந்த ஸ்டூடியோவை மூடியபோது, நெகடிவ்களையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் லாரி புறப்பட்டுவிட்டது. இன்னொரு வீட்டில் மழைநீர் புகுந்து, ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று அப்பளக் கட்டுப்போல ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வருகிறது. சோழவரமும் இன்று பந்தயக் களமன்று. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே புதிய தளம் திறக்கப்பட்ட பிறகு, பழைய களம் ஓய்ந்துவிட்டது. குட்வுட்டில் 1966-இல் நின்றுபோன பந்தயத்தை 1998-இல் மீண்டும் தொடங்கியபோது, களத்தை அந்தக் காலத் தோற்றத்திலேயே புதுப்பித்தார்கள். அதற்கான செல்வம் அவர்களிடம் இருந்தது. நம்மிடம் இருப்பவை படங்களும், அவற்றைப் பார்த்துப் 'இது ஹெரால்டு கால்' என்று சொல்லக்கூடிய ஒரு சில பெரியவர்களும்.

மாமாவின் படத்தை இப்போது அமிலமில்லாத தாளுறையில் வைத்திருக்கிறேன். அதன் முதுகில், 'சோழவரம்' என்ற அவருடைய கையெழுத்தை விட்டு விலகி, மென்மையான பென்சிலால் பெரியவர் சொன்ன பெயர்களை எழுதினேன். ஆண்டுக்கு நேராக '1969 அல்லது 1970' என்று எழுதி, சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் குறித்தேன். பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறிவிடும் என்று இயற்பியல் ஆசிரியை எச்சரித்திருந்தார்.

படத்தின் வலக்கோடியில் ஒரு சிறுவன் நிற்கிறான். பத்து வயது இருக்கும். கையில் தண்ணீர் டின் ஒன்று, பார்வையெல்லாம் வண்டியின்மேல். அவன் யார் என்று பெரியவருக்கும் தெரியவில்லை. 'பட்டறைக்கு எதிர்வீட்டுப் பையனாக இருக்கலாம். கம்பத்தில் என் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்' என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போகிறோம்.